ரதி வாசிக்கச் சொன்ன எண்

செய்தி வந்தபோது நான் வீட்டுக் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை, மெல்பனில் நல்ல வெயில். ஈரக் கையால் தொட்டதில் போன் திறக்கவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். எங்கள் கார் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ரதியின் கணவர் சிவா இரண்டு வரி போட்டிருந்தார். "ரதி இண்டைக்கு விடியக்காலமை போயிட்டா. நோவில்லாமல்தான் போனவ." அதற்குக் கீழே ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிய கைகளைப் போடத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. குழாயை மூடிவிட்டு கராஜ் வாசலில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாகத் தெரிந்த சங்கதிதான். டாக்டர்கள் மறைக்கவில்லை, ரதியும் மறைக்கவில்லை. ஆனாலும் அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது ஆள் சோப்பு நுரைக்கு நடுவில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் மெல்ல நகர்ந்துவிட்டார்.

குழு நண்பர்களுக்கு ரதியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்களில் பலர் அவருடைய முகத்தைவிடப் பழுப்பு பூட்ஸைத்தான் அதிகம் பார்த்திருப்பீர்கள்; மற்றதெல்லாம் உங்கள் காருக்கு அடியில் இருந்திருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மெல்பனிலும் சிட்னியிலும் எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அது நகல் ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காலத்தில் பந்தயத்தில் ஓடிய கார்களின் அசல் இன்று பெரும் பணக்காரர்களின் கண்ணாடி அறைகளில் நிற்கிறது. அதே உருவத்தை ஃபைபர் கிளாஸில் வார்த்து, அடியில் புதிதாக ஒரு இரும்புச் சட்டத்தை வெல்ட் செய்து, வேறு ஏதோ வண்டியின் எஞ்சினை உள்ளே இறக்கினால் அது நகல். யாரோ ஒருவர் தன் கராஜில் வருடக்கணக்கில் கட்டியது. கட்டியவர் கெட்டிக்காரரா, அவசரக்காரரா என்பது மேல் பெயின்ட்டில் தெரியாது. அதை இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்குகிறவர் ரதியைக் கூப்பிடுவார்.

ரதி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மெல்பன் புறநகரான டாண்டினாங்கில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் சரிபார்ப்பது அவருடைய வேலை. எங்கள் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் ஒரே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள், அப்படித்தான் பழக்கம். அவருக்கென்று ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் கிடையாது. பழைய வெள்ளை நிறக் குடும்பக் கார் ஒன்றை வைத்திருந்தார். "ஏன் நீங்க ஒண்ணு வாங்கலை?" என்று ஒருமுறை கேட்டேன். "உதுக்குள்ள இறங்கினா ஆரும் கை குடுத்துத்தான் என்னை வெளியில எடுக்கவேணும். எனக்கு இடுப்பு முக்கியம்" என்றார்.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமாக இருக்கும். முதலில் காரைப் பார்க்க மாட்டார். விற்பவர் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காகிதங்களை வரவழைப்பார். பொறியாளர் கொடுத்த சான்றிதழ், பதிவுத் தாள், கட்டியபோது எடுத்த படங்கள், வண்டி பேரில் கடன் பாக்கி இல்லை, திருட்டு வண்டி இல்லை என்று அரசாங்க இணையதளம் தரும் தாள். எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்த்த பிறகுதான் எழுந்து திரும்புவார். "கண் விழுந்தாப் பிறகு மூளை லீவு போட்டிடும்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. பிறகு பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், அதாவது ஆறிய எஞ்சின் எளிதில் கிளம்பாத கோளாறை மறைக்க யாரோ முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தால், "நாங்கள் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறம், ஆறட்டும்" என்று கிளம்பிவிடுவார்.

அதற்குப் பிறகு எண் வாசிக்கும் சடங்கு. இதை உலகத்தில் வேறு யாரும் செய்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணை விற்பவர் உரக்க வாசிக்க வேண்டும். வாங்குபவர் டார்ச் அடித்து, எஞ்சினில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ரதி வாயே திறக்க மாட்டார். ஏன் நீங்களே பார்த்துவிடக் கூடாது என்று சிவாவே கேட்டிருக்கிறார். "நான் பிழை எண்டு சொன்னா அது என்ர அபிப்பிராயம். அவையள் தங்கட வாயால வாசிச்சா அது அவையளின்ர கதை" என்பது பதில். இதற்கெல்லாம் அவர் காசு வாங்கியதில்லை. வாங்கினால் சிரித்துப் பேச வேண்டிவரும் என்பார்.

அவருக்கு நகல் என்ற சொல்லின் மேல் ஒரு மரியாதை இருந்தது. சிட்னியில் ஒருவர் தன் நகல் காரின் மூக்கில் அசல் நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டி வைத்து, விளம்பரத்திலும் நகல் என்ற சொல்லை விட்டுவிட்டார். ரதி அந்த வீட்டில் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. அந்த வீட்டுப் பெண்மணியிடம் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கி, சின்னத்தைச் சூடாக்கிப் பொறுமையாகக் கழற்றி, விற்பவர் கையில் கொடுத்தார். "அண்ணை, நகல் எண்டா அது வெக்கப்படுற சாமான் இல்லை. நான் நகல்தான் எண்டு சொல்லிப்போட்டு வாற கார் நேர்மையான கார்" என்றார். அந்த மனிதர் இன்றும் எங்கள் குழுவில் இருக்கிறார். இதை எழுத அனுமதியும் தந்தார்.

அவர் எப்போதும் சரியாகத்தான் சொன்னார் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து திருத்துவார். ஒருமுறை, அடிப்பகுதி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்ததைப் பார்த்து, துருவை மறைக்கப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று ஒரு காரை வேண்டாம் என்றுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர், அவருக்கு அழுக்கு என்றாலே ஆகாது. ரதி அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு, தானே வேறு ஆளைத் தேடி அந்தக் காரை விற்றும் கொடுத்தார்.

இனி என் கதை. பத்து வருடங்களுக்கு முன்பு மெல்பனுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கில் ஒரு சிவப்பு நகல் கார் விலைக்கு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரதி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் எங்கள் வீட்டில் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கும் தினசரி நாட்காட்டி உண்டு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். என் மனைவி கவிதா, "ஒம்பதுக்குள்ள அட்வான்ஸ் மட்டும் குடுத்து வச்சிருங்க, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். நானும் எட்டே முக்காலுக்குப் போய், வெற்றிலை பாக்கு இல்லாத குறைக்கு ஒரு சாக்லேட் பெட்டியோடு, அதை விற்ற ஆஸ்திரேலியரிடம் முன்பணம் கொடுத்துக் கை குலுக்கினேன். ரதி பத்து மணிக்கு வந்து விஷயத்தைக் கேட்டார்.

"முரளி, உந்தக் கலண்டர் கோயம்புத்தூருக்கோ ஜீலாங்குக்கோ?"

"எல்லா ஊருக்கும் பொதுதானுங்க."

"இஞ்ச இப்ப கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறாங்கள். அதை ராகுவுக்கு ஆர் சொன்னது?"

சிரித்துக்கொண்டேதான் காகிதத்தை எடுத்தார். விற்பவர் சான்றிதழ் எண்ணை வாசித்தார், நான் டார்ச் அடித்தேன். கடைசி நான்கு இலக்கம் ஒத்துப்போகவில்லை. பழைய எஞ்சின் பழுதாகிவிட்டதால் அதைவிடப் பெரியதாக ஒன்றைப் போட்டதாகவும், ஓட்டிப் பார்த்தால் சொர்க்கம் தெரியும் என்றும் விற்பவர் சொன்னார். ரதி என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். பொறியாளர் சான்றிதழ் கொடுத்தது சின்ன எஞ்சினுக்கு. அதற்கேற்ற பிரேக்கை, அதற்கேற்ற சட்டத்தைத்தான் சோதித்திருக்கிறார். பெரிய எஞ்சின் வந்த பிறகு அந்தத் தாள் வேறு ஒரு காரின் தாள். எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். வேறு மாநிலத்தில் பதியப் போனாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எல்லாம் புரிந்தது. இருந்தும் வாங்கினேன். நல்ல நேரத்தில் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்பது அபசகுனம் என்று கவிதாவிடம் சொன்னேன். உண்மையில் அந்தச் சிவப்பு என்னை ஆட்டி வைத்திருந்தது. "சொல்ல வேண்டியதை நான் சொல்லிப்போட்டன். வாங்கிறது நீங்கள்" என்றார் ரதி. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ‘த பேசின்’ என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூசை போட்டபோது அவரும் வந்தார். ஐயர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது, "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு நான்கு சக்கரத்து நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். ஒன்று லூசாக இருந்தது. பூசை முடிந்ததும் காலியாக இருந்த கார் பார்க்கில் என்னை வேகமாக ஓட்டி பிரேக் போடச் சொன்னார். கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. வீடு வரை நிதானமாக ஓட்டிப் போனேன். பிறகு பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றினேன், காகிதத்தைத் தொடவில்லை. கவிதா அந்தக் காரில் அதன் பிறகு ஏறவில்லை.

ஆறு வருடங்கள் வைத்திருந்தேன். எண் விஷயத்தைக் குழுவில் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் வாய் கிழிய, என் கார் மாதிரி உண்டா என்று பேசியவன் நான். ரதி அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வடை சாப்பிடுவார். பிறகு முதுகு வலி வந்தது, காரை விற்க நினைத்தேன். சிட்னி டூங்கபியிலிருந்து ரமணன் கேட்டார். மாணவராக வந்து, இப்போது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவர். வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார். தன் மகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து இந்தக் காரில் கூட்டிவர வேண்டும் என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னார். எல்லோரையும் போல அவரும் காரைப் பார்த்துத் தர ரதியைத்தான் கேட்டார்.

ரதி எனக்குப் போன் செய்து, "ரமணன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வரலாமோ?" என்று மட்டும் கேட்டார். வரலாம் என்றேன். எண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நட்புக்காகச் சும்மா இருந்துவிடுவார் என்று நான் கணக்குப் போட்டேன். விற்ற பிறகு சிட்னியில் ரமணன் படும் பாடு ரமணனுடையது என்றும் ஒரு கணக்கு. மலை இறக்கத்தில் அந்தப் பிரேக் என்ன செய்யும், அருகில் யார் உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் டிவியைப் போட்டுக்கொண்டேன்.

ரமணன் அதிகாலை விமானத்தில் வந்திறங்கினார். எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பிளாஸ்டிக் நாற்காலி. ரதி வழக்கம்போல் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காகிதங்களைப் பார்த்து முடித்து, சான்றிதழை என்னிடம் நீட்டினார். கவிதா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ரமணன் பானெட்டுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தபடி காத்திருந்தார்.

"முரளி, வாசியுங்கோ" என்றார் ரதி.

எனக்கு இரண்டு எண்ணும் மனப்பாடம். தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முதல் பாதியைத் தாளில் இருந்தபடியும், கடைசி நான்கு இலக்கத்தை எஞ்சினில் இருந்தபடியும் வாசித்தேன். குரல்கூட மாறவில்லை.

"சரி அக்கா, அப்பிடியே இருக்கு" என்றார் ரமணன் உள்ளேயிருந்து. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ரதிக்கு அந்த நான்கு இலக்கம் மறந்திருக்காது, சான்றிதழையும் அப்போதுதான் வாசித்திருந்தார். அவர் என்னை ஏறிட்டுப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"எனக்குச் சரியாக் கேக்கேல்ல. பக்கத்து வீட்டில புல்லு வெட்டுற சத்தம். இன்னொருக்கா வாசியுங்கோ, முரளி. ஆறுதலா."

புல் வெட்டும் சத்தம் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளதைத் தவிர எதுவும் பேசத் தெரியாத அந்த மனுஷி, நான் திரும்பி வருவதற்காக ஒரு பொய் சொல்லி வழி விட்டுக்கொடுத்தார். தாளைப் பார்த்தேன். இந்தத் தடவை அதில் இருந்தபடி கடைசி இலக்கம் வரை வாசித்தேன்.

ரமணன் தலையை வெளியே எடுத்தார். "அண்ணா, முதல் வேற மாதிரியெல்லோ வாசிச்சனீங்கள்?"

நான் வாய் திறக்குமுன் ரதி முந்திக்கொண்டார். "வயசு போனா உப்பிடித்தான் தம்பி. முரளிக்குக் கண்ணாடி மாத்தவேணும். தாளில உள்ள எண் வேற, எஞ்சின்ல உள்ளது வேற. இருங்கோ, என்ன செய்யலாம் எண்டு கதைப்பம்."

பேசினோம். ரமணன் அன்று வெறுங்கையோடு சிட்னிக்குத் திரும்பினார். அடுத்த பதினொரு சனிக்கிழமைகளை நானும் ரதியும் அந்தக் காரோடு கழித்தோம். ஒரு பொறியாளரைப் பிடித்து, பெரிய பிரேக் போட்டு, சட்டத்தில் இரண்டு இடத்தில் வலுக் கொடுத்து, புதிய எஞ்சினுக்குப் புதிய சான்றிதழ் வாங்கினோம். சட்டத்தில் அந்த வெல்டிங்கை ரதி மூன்று தடவை திருப்பிச் செய்யவைத்தார். பிறகு ரமணன் வந்து வாங்கினார், சிட்னியில் பதிவும் ஆனது. அடுத்த முறை நான் அங்கே போனபோது ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்து மருந்துக் கடையில் ஒரு வாசிப்புக் கண்ணாடியும் வாங்கி, "இனிப் பிழையா வாசிக்காதேங்கோ அண்ணா" என்று சிரித்தபடி என் சட்டைப் பையில் வைத்தார். இன்றைக்கும் போனில் பேசினால், கண்ணாடி போட்டிருக்கிறேனா என்று கேட்காமல் விடுவதில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ரதி அந்த நாளைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். மிகவும் மெலிந்திருந்தார். சிவா சமையலறையில் ஏதோ செய்துகொண்டிருந்த நேரத்தில், இப்போது விட்டால் முடியாது என்று ஆரம்பித்தேன்.

"ரதி, ரமணன் வந்தாரே, அன்னைக்கு நான்…"

"அண்டைக்குக் கவிதா நல்ல தேத்தண்ணி போட்டவ" என்றார்.

"அது இல்லைங்க. எண்ணை வாசிச்சப்ப…"

"ரெண்டாந்தரம் சரியாத்தானே வாசிச்சனீங்கள்." கண்ணை மூடிக்கொண்டார். "பிறகென்ன?"

நண்பர்களே, இனி உங்கள் காருக்குக் கீழே படுத்துப் பார்க்க ரதி வர மாட்டார். அவர் காட்டிய முறை உங்கள் எல்லோருக்கும் தெரியும்: முதலில் காகிதம், பிறகு கார், குளிர்ந்த எஞ்சின், வாய்விட்டு வாசிக்கும் எண். அது நம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது, என் முதல் வாசிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அவர் தேநீர் குடித்த அந்த ஒரு வாய் நேரத்தை. அவர் இருக்கும்வரை அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது எனக்கு மட்டும் தெரிந்ததாகிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், நான் வாசித்தது பொய்யான அந்த முதல் வாசிப்போடு நின்றுவிடும் என்று தோன்றுகிறது.

ரமணன், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அன்று எனக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.